டர்பன் சபைக்கு ஊழியத்துக்கு வரும் இளங்குடும்பத்துக்கு: அழைப்புக் கடிதம் முதல் விசா புதுப்பிப்பு வரை முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பக்கத்துச் சபை ஒன்றுக்கு அழைக்கப்பட்டு, ஒன்றோ இரண்டோ சின்னப் பிள்ளைகளோடு கிளம்பப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போதகராக வரலாம், வாலிபர் ஊழியத்துக்கு வரலாம், இசை ஊழியத்துக்கு வரலாம், குடும்பமாக வந்து இறங்கும்போது எதிர்ப்படுகிற காரியங்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். என் கணவர் இங்கே சபை ஊழியத்தில் இருக்கிறார், பிள்ளைகள் இங்கேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள், புதிதாக வருகிற குடும்பங்களுக்கு வீடு பார்ப்பதிலிருந்து பள்ளி விண்ணப்பம் நிரப்புவதுவரை கூட நிற்கிற வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும். அதில் பார்த்ததை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: முதல் ஆறு மாதத்துக்கு உங்கள் முதல் ஊழியம் உங்கள் வீடுதான். வந்த வாரமே மூன்று ஜெபக்கூட்டம், இரண்டு வீட்டு ஜெபம், ஓய்வுநாள் பள்ளி என்று ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் வருடம் முடிவதற்குள் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன், மெதுவாகத் தொடங்கினவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். சபைக்கும் அதுதான் லாபம்.

அழைப்புக் கடிதம் வந்தவுடன்

கடிதம் வந்த சந்தோஷத்தில் பலர் அதைச் சரியாகப் படிப்பதே இல்லை. உட்கார்ந்து, கணவனும் மனைவியும் சேர்ந்து, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். சபை மாதாமாதம் தருகிற படி எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், தென்னாப்பிரிக்கப் பணமான ராண்டில் வருமா, வீடு சபை தருகிறதா, தருகிறதென்றால் மின்சாரமும் தண்ணீரும் யார் கட்டுவது, மருத்துவக் காப்பீடு உண்டா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு, ஊருக்குப் போய்வர எத்தனை வருடத்துக்கு ஒருமுறை விமானச் செலவு, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, இது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், வாங்க" என்று மூப்பர் ஒருவர் போனில் அன்பாகச் சொல்லுவார், மனதார நினைத்துத்தான் சொல்லுவார். ஆனால் சபைக் கமிட்டி மாறும், பொருளாளர் மாறுவார், போனில் பேசினது யாருக்கும் நினைவிருக்காது. கேட்பதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. பணம் பற்றிப் பேச வெட்கப்படுகிறவர்கள், கேள்விகளை ஒரு கடிதமாக எழுதி அனுப்பிவிடுங்கள், அவர்களும் எழுத்திலேயே பதில் தருவார்கள்.

இன்னொன்று. மனைவியின் பங்கு என்ன என்று கடிதத்தில் ஒரு வரியாவது இருக்கட்டும். "போதகரம்மா" என்றால் பெண்கள் ஐக்கியம், ஓய்வுநாள் பள்ளி, ஆர்கன் வாசிப்பது, வருகிறவர்களுக்கெல்லாம் சமையல் என்று யாரும் கேட்காமலே சுமை ஏறிவிடும். கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்க்கு முதல் வருடம் எந்தப் பொறுப்பும் இல்லை என்று சபையே அறிவித்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

விசாவும் காகிதங்களும்

எந்த வகை விசா என்பதைச் சபை முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்கிறவராக வருவது வேறு, சம்பளமில்லாத தன்னார்வ ஊழியராக வருவது வேறு. 2002ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் தன்னார்வப் பணிக்கும் அறப்பணிக்கும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட விசிட்டர் விசா உண்டு, ஆனால் அது சம்பளம் வாங்குவதற்கான விசா அல்ல. சுற்றுலா விசாவில் வந்து இறங்கிவிட்டு உள்ளே இருந்தபடியே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசிட்டர் விசாவில் வந்தவர், சில விதிவிலக்குகள் தவிர, வேறு வகைக்கு நாட்டுக்குள்ளிருந்து மாற முடியாது. குடியேற்ற வழக்குகளைக் கவனிக்கிற வழக்கறிஞர் ஒருவரிடம் சபை ஒருமுறை பேசிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்தச் செலவு வீண் செலவு இல்லை.

விண்ணப்பம், விசா விண்ணப்பங்களை வாங்கி அனுப்புகிற விஎஃப்எஸ் மையம் வழியாகப் போகும். 18 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும், கடந்த ஐந்து வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும், போலீஸ் சான்றிதழ் வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இதை முதலில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் தாமதமாவது பெரும்பாலும் அங்கேதான். மருத்துவ அறிக்கை ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இறையியல் பட்டம், குருப்பட்டாபிஷேகச் சான்று எல்லாவற்றுக்கும் அசலும் நகலும் தயாராக இருக்கட்டும். பட்டத்துக்கும் கல்யாணச் சான்றிதழுக்கும், வெளிநாட்டில் செல்லும் என்று உறுதிசெய்கிற அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிடுங்கள், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிற நாடுகள் என்பதால் தூதரகத்தில் தனியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் இரண்டு பேர் பெயரும் இருக்கிறதா, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியல் பழக்கத்தால் அப்பா பெயர் ஒரு காகிதத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும். ஊரில் இருக்கும்போது திருத்துவது சுலபம், இங்கே வந்தபின் அது பெரிய பாடு.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கிற விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கின அன்றே படியுங்கள். கூட வருகிற துணைக்கு வேலை செய்ய அனுமதி தானாக வராது. நர்ஸாகவோ டீச்சராகவோ இருக்கிற தங்கைகள் அங்கே போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பாதீர்கள். ஒரே வருமானத்தில் குடும்பம் ஓடுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிள்ளைகளின் விசாவில் படிப்பதற்கான அனுமதி இருக்க வேண்டும், பள்ளியில் முதலில் கேட்பது அதைத்தான்.

பெட்டியில் எதை வைப்பது

சாமான் விஷயத்தில் பயப்படவே வேண்டாம், டர்பனில் கிடைக்காத பலசரக்கு குறைவு. உளுந்து, புளி, கடுகு, வெந்தயம், பெருங்காயம் எல்லாம் இந்தியக் கடைகளில் இருக்கிறது. நகரத்தில் வார்விக் பக்கத்து அதிகாலைச் சந்தையிலும், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழ்கிற சாட்ஸ்வர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட் என்று சொல்லுகிற வார இறுதிச் சந்தையிலும் கத்தரிக்காய், முருங்கைக்காய், கொத்துக்கொத்தாய்க் கறிவேப்பிலை, பச்சை மிளகாய் கிடைக்கும். சேப்பங்கிழங்கு மாதிரி மடும்பி என்று ஒரு கிழங்கு உண்டு, புளி ஊற்றி வைத்தால் ஊர் ருசிதான். செடி, விதை, நாற்று கொண்டுவராதீர்கள், அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள்.

மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டுவரலாம். மின்னழுத்தம் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட்தான். சுவரில் இருக்கிற துளை மட்டும் வேறு: நம் ஊரில் ஏசிக்கும் ஹீட்டருக்கும் போடுகிறோமே, அந்த உருண்டையான தடித்த மூன்று கால் பிளக், அதுதான் இங்கே வீடு முழுக்க. அதனால் தடித்த பிளக்கும் சாதாரண சாக்கெட்டுகளும் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி இரண்டு மூன்று ஊரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், மிக்ஸி, இட்லி மாவு கிரைண்டர், போன் சார்ஜர் எல்லாம் அதில் ஓடும்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பல் மருத்துவர் சீட்டு, கண்ணாடி பவர் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு வருட மதிப்பெண் அட்டை எல்லாம் கையில் எடுத்து வரும் பையில் இருக்கட்டும். தமிழ் பைபிள், கீர்த்தனைப் புத்தகம், பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம் நிறையக் கொண்டுவாருங்கள், இங்கே அவை கிடைப்பது அரிது. ஒரு ஸ்வெட்டரும் வேண்டும். டர்பனில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குளிர்காலம், மிதமான குளிர்தான். டிசம்பரில் வெயில் கொளுத்தும், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஃபேன் போட்டுத்தான் உட்காருவோம்.

வந்து இறங்கிய முதல் வாரங்கள்

துபாய் வழியாக வந்தால் நேரே டர்பன் கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்கலாம். ஜோகன்னஸ்பர்க் வழியாக வந்தால் அங்கேயே குடிநுழைவு முடித்து, பெட்டிகளை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் இரண்டு விமானத்துக்கும் நடுவே போதுமான நேரம் விட்டு டிக்கெட் போடுங்கள்.

முதலில் சிம். பாஸ்போர்ட்டும் முகவரி ஆதாரமும் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். வங்கிக் கணக்குக்கும் அதே முகவரி ஆதாரம்தான் கேட்பார்கள். புதிதாக வந்தவர் பெயரில் தண்ணீர் பில் எங்கிருந்து வரும்? அதனால் நீங்கள் இந்த முகவரியில் குடியிருக்கிறீர்கள் என்று சபையின் தலைப்பிட்ட தாளில் ஒரு கடிதமும், வீட்டு உரிமையாளரின் உறுதிமொழிப் பத்திரமும் வந்த அன்றே வாங்கிவிடுங்கள், அந்த இரண்டு காகிதமும் வங்கி, பள்ளி, கிளினிக் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். எந்த வங்கி உங்கள் விசா வகைக்குக் கணக்கு திறக்கும் என்று சபைப் பொருளாளரை விசாரித்துக்கொண்டு போங்கள்.

போதகர் குடியிருக்கக் குருமனை என்று வீடு தருகிற சபையானால் சரி. இல்லையென்றால் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டின் பின்னாலோ கீழ்த்தளத்திலோ தனி வாசலோடு ஒரு பகுதியை வாடகைக்கு விடுகிற வழக்கம் பரவலாக உண்டு, சின்னக் குடும்பத்துக்கு அது நல்ல தொடக்கம். முன்னால் வீட்டுக்காரர் இருப்பார், பாதுகாப்பும் ஆச்சு, அந்த வீட்டு ஆன்ட்டி பிள்ளைக்கு ரொட்டியும் டோல் என்கிற பருப்பும் கொண்டுவந்து தருவார், உறவும் ஆச்சு. வீடு பார்க்கும்போது மூன்றைக் கேளுங்கள்: மின்சாரம் ப்ரீபெய்ட் மீட்டரா, தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, வாசல் கேட்டும் ஜன்னல் கம்பிகளும் எப்படி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அந்தப் பக்கம் ஜனங்கள் மாதக்கணக்கில் டேங்கர் தண்ணீருக்கு நின்றார்கள். வடக்குப் பக்கம் குடியேறுகிறவர்கள் நாலைந்து பெரிய கேன் எப்போதும் நிரப்பி வைப்பது நல்லது. மின்வெட்டு 2024 மார்ச்சுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்திருக்கிறது, இருந்தாலும் சார்ஜ் செய்கிற விளக்கு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஊரோடு பேசுகிற நேரம்: இங்கே மாலை நாலு மணி என்றால் ஊரில் ஏழரை. பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து சாப்பிட்டதும் தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவதற்குப் பொருத்தமான நேரம் அது. இதை வழக்கமாக்கிக்கொண்டால் பிள்ளைகளின் தமிழ் நிற்கும்.

நீங்கள் சேவிக்கப் போகிற ஜனங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் வந்து நின்றது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பகுதி நம் மதராஸ் மாகாணத்து ஜனங்கள், கரும்புத் தோட்டத்தில் இறக்கப்பட்டவர்கள். உங்கள் சபையில் முன் பெஞ்சில் உட்காரப் போகிற பாட்டி அந்தப் பரம்பரையின் மூன்றாவதோ நாலாவதோ தலைமுறை. வாலிபர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஐந்தாவதோ ஆறாவதோ தலைமுறை. அவர்கள் வெளிநாட்டுத் தமிழர் இல்லை, இந்த மண்ணின் ஜனங்கள். வெளிநாட்டுக்காரர் நீங்கள்தான்.

சபையும் உங்களுக்கு முன்னாலேயே இங்கே இருக்கிறது. இலங்கையில் ஊழியம் செய்து தமிழ் கற்றிருந்த மெதடிஸ்ட் மிஷனரி ரால்ஃப் ஸ்டாட் 1862இல் டர்பன் வந்து தோட்டத் தொழிலாளர்கள் நடுவே ஊழியத்தைத் தொடங்கினார். 1903இல் நெல்லூரிலிருந்து ஜான் ரங்கையா குடும்பத்தோடு கப்பலேறி வந்து தெலுங்கு பாப்டிஸ்ட் சபையை நிறுவினார், உங்களைப் போல ஒரு ஊழியக் குடும்பம்தான். 1925இல் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஜே. எஃப். ரோலண்ட்ஸ் தொடங்கின ஊழியம் பிற்பாடு பெதஸ்தா என்ற பெரிய சபையாக வளர்ந்தது. ஆங்கிலிகன், கத்தோலிக்க, லூத்தரன் சபைகளுக்கும் இங்கே நீண்ட வரலாறு உண்டு. எங்கள் ஊர்ச் சபையில் இப்படித்தான் செய்வோம் என்று முதல் மாதமே ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் வீட்டு ஜெபத்தின் ஒழுங்கும் அடக்க ஆராதனையின் ஒழுங்கும் பல தலைமுறை கண்டது.

குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தால் இவர்களை நகரத்திலிருந்து கிளப்பினார்கள். கேட்டோ மேனர், மாகஸின் பேரக்ஸ் போன்ற இடங்களில் வேரூன்றியிருந்த குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வர்த்துக்குத் தூக்கியடிக்கப்பட்டார்கள், அப்புறம் 1976இல் ஃபீனிக்ஸ் உருவானது. தாத்தா ஒருவர் பழைய தெருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கடிகாரம் பார்க்காமல் கேளுங்கள். கோயிலும் சபையும் பக்கத்து வீட்டு மாமியும் சேர்ந்து இருந்த ஒரு வாழ்க்கை போனதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதைக் கேட்பதே ஒரு போதக ஊழியம்.

பெயரைப் பார்த்துச் சாதி பேசாதீர்கள். கவெண்டர், மூட்லி, படையாச்சி, நாயுடு, பிள்ளை, செட்டி எல்லாம் இங்கே வெறும் குடும்பப் பெயர். "நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க" என்று நம் ஊர்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டால் அவர்களுக்குப் புரியாது, புரிந்தவர்களுக்கு வலிக்கும். இந்த ஒரு விஷயத்தில் நம்மைவிட அவர்கள் சுதந்திரமானவர்கள் என்றே நினைக்கிறேன், அந்த நோயை நாம் இங்கே கொண்டுவந்து இறக்கக் கூடாது.

பேச்சு ஆங்கிலம்தான். வயதானவர்கள் சிலருக்குத் தமிழ் தெரியும், மற்றவர்களுக்கு அம்மா, தாத்தா, அக்கா, சாப்பாட்டுப் பெயர்கள், சில கீர்த்தனைகள். ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு தமிழ்ப் பாட்டுப் பாடுகிற பாட்டியைப் பார்க்கும்போது உச்சரிப்பைத் திருத்தத் தோன்றும். திருத்தாதீர்கள். அவராகக் கேட்டால் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கலாமா என்று சபையே கேட்கிற நாள் வரும், அதுவரை பொறுங்கள். பிரசங்கத்தில் நம் ஊர்ச் சினிமா, அரசியல் உதாரணங்கள் எடுபடாது. சாட்ஸ்வர்த்தின் தெருவிலிருந்து உதாரணம் எடுக்கப் பழகுங்கள்.

அதேபோல இந்து உறவினர்கள். ஒரே வீட்டில் பாட்டி வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவார், பேரன் உங்கள் வாலிபர் கூட்டத்துக்கு வருவான். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள். இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவே பெரிய வெள்ளியன்றுதான், நீங்கள் சிலுவைத் தியானம் நடத்துகிற நேரத்தில் உங்கள் சபையாரின் சித்தப்பா, பெரியம்மா அங்கே கூட்டத்தில் இருப்பார்கள். இதையெல்லாம் மேடையிலிருந்து ஏளனமாகப் பேசுகிற போதகரிடம் அந்தப் பேரன் பாட்டியைப் பற்றி மனம்விட்டுப் பேச மாட்டான். சாவு வீட்டில்தான் இது உச்சத்துக்கு வரும். பாதிக் குடும்பம் பதினாறாம் நாள் சடங்கு வேண்டும் என்று சொல்லும், ஞானஸ்நானம் எடுத்த மகன் என்ன செய்வது என்று உங்களிடம் வந்து நிற்பான். அங்கே சட்டம் பேசாமல் அவனோடு கூட நின்று, அவன் மனச்சாட்சி இடறாமல் தாயாரை எப்படிக் கனம்பண்ணலாம் என்று ஒரு வழி பாருங்கள். உள்ளூர் மூத்த போதகர்கள் இதில் கைதேர்ந்தவர்கள், கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு காயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று போதை. சுகர்ஸ் என்று சொல்லுகிற ஹெராயின் கலவை சாட்ஸ்வர்த்தில் எத்தனையோ வீட்டு மகன்களைப் பிடித்திருக்கிறது. நள்ளிரவில் போதகருக்கு வருகிற போன்கால் பெரும்பாலும் இதைப் பற்றித்தான். ஜெபத்தோடு கூட, மறுவாழ்வு மையங்கள், சமூக நலப் பணியாளர்கள் பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். இன்னொன்று 2021 ஜூலைக் கலவரம். ஃபீனிக்ஸில் கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டார்கள், இந்தியர்களுக்கும் சூலு மக்களுக்கும் நடுவே இன்னும் ஆறாத வேதனை இருக்கிறது. உங்கள் சபைக்குள்ளேயே வெவ்வேறு நினைவுகள் உண்டு. தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல், பக்கத்துச் சூலு சபைப் போதகரைத் தேடிப் போய்ப் பழகுங்கள், நாலு வார்த்தை சூலு கற்றுக்கொள்ளுங்கள். சாவுபோனா என்று வணக்கம் சொல்லுகிற குழந்தைக்குத் திறக்காத கதவு இல்லை.

பிள்ளைகள்

பள்ளி வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நம் ஊரில் ஜூனில் வகுப்பு மாறின பிள்ளை இங்கே நடு வருடத்தில் வந்து சேரும்போது அரை வருடம் முன்னேயோ பின்னேயோ ஆகும். கீழ் வகுப்பில் போட்டால் கௌரவக் குறைவு என்று நினைக்காதீர்கள், ஆறு மாதம் நிதானமாக ஊன்றிக்கொள்ளுகிற பிள்ளை பிறகு நன்றாக ஓடும். முதல் வகுப்புக்கு அந்த வருடம் ஜூன் 30க்குள் ஆறு வயது நிறைய வேண்டும், முன்பு ஏழு வயதாகிற வருடத்திலிருந்துதான் பள்ளி கட்டாயமாக இருந்தது. அதற்கு முந்தின கிரேடு ஆர் வகுப்பும் 2024 சட்டத் திருத்தத்தில் கட்டாயமாகிவிட்டது. அடுத்த வருடத்துக்கான சேர்க்கை முந்தின வருடத்து நடுவிலேயே தொடங்கிவிடும், டிசம்பரில் வந்து ஜனவரிக்கு இடம் கேட்டால் கிடைப்பது கஷ்டம். சபை மக்களில் ஒரு டீச்சர் கட்டாயம் இருப்பார், வருவதற்கு முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள். இரண்டாம் மொழியாக ஆஃப்ரிகான்ஸா சூலுவா என்று கேட்கிற பள்ளியில் சூலுவைத் தேர்ந்தெடுங்கள். டர்பன் இருக்கிற குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வாழப்போகிற பிள்ளைக்கு அதுதான் தினமும் உதவும்.

இனி முக்கியமான ஒன்று. இங்கே பிள்ளைகளை அடிக்கக் கூடாது. பள்ளியில் 1996 முதலே தடை. வீட்டில் பெற்றோர் கண்டிப்புக்காக அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் 2019 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கிவிட்டது. பிரம்பைக் கையாடாதவன் என்ற நீதிமொழியை வைத்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் இதைத் தெளிவாகச் சொல்கிறேன்: சபை வளாகத்தில் ஒரு தட்டு தட்டினாலும் அது புகாராகலாம், உங்கள் விசாவையும் ஊழியத்தையும் அது பாதிக்கலாம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஊரையும் தாத்தா பாட்டியையும் பள்ளித் தோழரையும் ஒரே நாளில் இழந்து வந்திருக்கிற குழந்தை முதல் சில மாதம் அடம் பிடிக்கத்தான் செய்யும், இரவில் படுக்கையை நனைக்கும், சபையில் மடியைவிட்டு இறங்காது. அதற்கு வேண்டியது உங்கள் நேரம். சபையார் முன்னால் பாடு, வசனம் சொல்லு என்று நிறுத்தி வைக்காதீர்கள்.

உடம்பு

மருத்துவக் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். மெடிக்கல் எய்ட் என்று சொல்லுகிற திட்டத்தில் சேர்ந்ததும் மூன்று மாதம் பொதுக் காத்திருப்புக் காலம் வைக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் கர்ப்பத்துக்கும் 12 மாதம்வரை வைக்கலாம். இரண்டாவது குழந்தையை எதிர்பார்க்கிற தம்பதிகள் கர்ப்பமான பிறகு சேர்ந்தால் பிரசவச் செலவு கையிலிருந்துதான் போகும். 35 வயதுக்குப் பிறகு முதல்முறை சேருகிறவர்களிடம் கூடுதல் கட்டணமும் வாங்கலாம். தடுப்பூசிக்குப் பக்கத்து அரசு கிளினிக் போதும், ஊர் அட்டையைக் காட்டினால் விட்டதைப் பார்த்துப் போடுவார்கள். அவசர எண்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கட்டும்: போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து எதற்கும் 112.

மனதும் உடம்பில் சேர்த்திதான். மூன்றாவது நாலாவது மாதத்தில், வந்த புதுமை தீர்ந்தபின், மனைவிக்குக் காரணமில்லாமல் அழுகை வரலாம். கணவர் கூட்டம் கூட்டமாகப் போய்வருவார், இவர் நாலு சுவருக்குள் ஒரு குழந்தையோடு இருப்பார், காரோட்டத் தெரியாவிட்டால் கடைக்குக்கூடப் போக முடியாது. அதனால்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று வருகிற எல்லாத் தங்கைகளிடமும் சொல்கிறேன். இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுவது, ஆங்கிலத்தில் அச்சடித்த, புகைப்படமும் கையெழுத்தும் உள்ள இந்திய லைசென்ஸ், நிரந்தர வசிப்புரிமை வாங்காதவரை, செல்லும். கார் ஓட்டும்போது கதவைப் பூட்டி, கைப்பையையும் போனையும் சீட்டில் வைக்காமல் கீழே வையுங்கள், சிக்னலில் நிற்கும்போது போன் பார்க்காதீர்கள். மினிபஸ் டாக்ஸியை உள்ளூர்க்காரர் ஒருவரோடு போய்ப் பழகின பிறகு பயன்படுத்துங்கள். இரவு ஜெபக்கூட்டம் முடிந்து தனியாக நடந்து வருவது வேண்டவே வேண்டாம்.

ஊழியத்தில் சட்டம் தொடுகிற இடங்கள்

கல்யாணம் நடத்தினால் மட்டும் போதாது, அது சட்டப்படி பதிவாக வேண்டும் என்றால் நடத்துகிறவர் உள்துறையால் நியமிக்கப்பட்ட திருமண அதிகாரியாக இருக்க வேண்டும். உங்களுக்கு அந்த நியமனம் வரும்வரை நியமனம் உள்ள போதகர் ஒருவர் கல்யாணத்தைச் சட்டப்படி நடத்திவைத்துப் பதிவேட்டில் கையெழுத்திடட்டும். ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் ஊழியத்திலும் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்று வேண்டும், படிவம் 30 என்று கேட்டால் தெரியும். சபை இதைக் கேட்காவிட்டாலும் நீங்களே முதல் ஆளாக எடுத்துக் கொடுங்கள். நீங்கள் எடுத்தால் மற்ற ஆசிரியர்களும் எடுப்பார்கள், பிள்ளைகளுக்கு அது நல்லது.

காணிக்கைப் பணத்தில் கை வைக்கிற வேலையே வேண்டாம், எண்ணுவதும் வங்கியில் கட்டுவதும் பொருளாளரும் இன்னொருவரும் பார்க்கட்டும். படியிலிருந்து வருமான வரி பிடித்துக் கட்டுகிறார்களா என்று கேட்டு, சீட்டை வாங்கி வையுங்கள்.

விசா முடிவதற்கு முன்

நாட்காட்டியில் இரண்டு தேதி குறியுங்கள். விசா முடிகிற தேதி ஒன்று, அதற்கு 60 நாள் முந்தின தேதி ஒன்று. புதுப்பிக்கிற விண்ணப்பம் அந்த இரண்டாவது தேதிக்குள் போயிருக்க வேண்டும், அதனால் போலீஸ் சான்றும் மருத்துவ அறிக்கையும் விசா முடிவதற்கு ஐந்தாறு மாதம் முன்னாலேயே கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆறு மாதம் தாண்டிப் பழசாகவும் கூடாது. சபைக் கமிட்டியிடம் புதுப்பிப்புக் கடிதம் கேட்கும்போதே முதல் ஒப்பந்தத்தில் விட்டுப்போனதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் நாட்டைவிட்டுப் போகும்போது பிடிப்பார்கள். 30 நாளுக்குள் என்றால் ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் ஐந்து வருடம் உள்ளே வர முடியாதபடி ஆகிவிடும். பிள்ளைகளின் விசா வேறு தேதியில் முடிந்தால் அதையும் தனியாகக் குறியுங்கள், அப்பாவுடையதை மட்டும் பார்த்துவிட்டு குழந்தையுடையதை விட்டுவிடுவது எளிதில் நடக்கிற காரியம். ஊருக்குப் போகிற பயணத்தை, பள்ளி விடுமுறை என்பதால், டிசம்பர் நடுவில் போட்டு, கிறிஸ்துமஸ் ஆராதனைகளுக்குச் சபையில் வேறு ஒருவரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று ஆகஸ்டிலேயே மூப்பர்களிடம் கேட்டுவிடுங்கள், டிக்கெட்டையும் அப்போதே போட்டால் விலை கொஞ்சம் கைக்கு எட்டும்.